ஒரு தம்ளர் தெளிவு

இசக்கியம்மாளின் தலையில் முழங்கால் மோதியபோது மதுரை மைதானத்தில் ஆறாயிரம் பேர் கைதட்டினார்கள். அவர்கள் தட்டியது பாயிண்டுக்காக. எதிரணியில் மூன்று பேர் காலைப் பிடித்திருக்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே கிடந்தாள். கைதட்டல் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

மருத்துவ அறையில் டாக்டர் கோதண்டராமன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"இது என்ன மாசம், இசக்கி?"

"மாசம்..."

"யார் கூட ஆடிட்டு இருந்தோம்?"

"சைக்கிள நிழல்ல விடணும்," என்றாள் இசக்கி. "டயர் வெடிச்சிரும்."

டாக்டர் நிமிர்ந்து, கதவருகே நின்ற ஜெபசெல்வியைப் பார்த்துத் தலையசைத்தார். அணியின் உணவுப் பொறுப்பு ஜெபசெல்வியுடையது. கையில் மூடி போட்ட தம்ளர் தயாராக இருந்தது. உள்ளே கேழ்வரகுக் கூழ் போலப் பழுப்பாக ஒரு பானம். லேசான கசப்பும் ஏலக்காய் வாசனையும் உண்டு. டப்பாவில் போட்டிருந்த பெயர் நீளமானது. ஆட்டக்காரிகள் 'தெளிவு' என்றார்கள். குடித்தால் தெளியும், அதனால்.

காலை பத்தரைக்கு அடிபட்டவள் பிற்பகல் மூன்று மணிக்கு, ஆடலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் கண்ணாடிச் சோதனைப் பெட்டிக்குள் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நிமிடம். திரையில் ஓடும் புள்ளியைக் கண்ணால் பின்தொடர வேண்டும், ஐந்து சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் செய்தாள். பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வந்ததும், "சைக்கிள் சைக்கிள்னு சொன்னேனாமே," என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு சிரித்தாள். மறுநாள் ஆடினாள். எட்டுப் பாயிண்ட் எடுத்தாள்.

அந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெபசெல்வி டாக்டரின் அறைக்குப் போனாள்.

"நேத்து அவளுக்கு மாசம் தெரியல. இன்னைக்கு அவள ஆட விட்டிருக்கீங்க."

"பச்சை விளக்கு வந்துச்சே செல்வி."

"அது என் தெளிவுக்கு வந்த பச்சை டாக்டர். அவ தலைக்கு வந்ததில்ல." குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அடிபட்ட மூளைக்குச் சர்க்கரையச் சரியா எரிக்க முடியாமப் போயிடுது. சோறு கண் முன்னால இருந்தும் பட்டினி. நான் குடுக்கறது வேற எரிபொருள், கொழுப்புலருந்து எடுத்தது. பட்டினி அடங்குது, மூளை ஓடுது. ஆனா உள்ள கிழிஞ்சது கிழிஞ்சபடிதான் இருக்கு. அது ஆற இருபத்தொரு நாள் வேணும். பானத்தோட குறிப்புல மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன். இந்தப் பானத்தக் குடிச்சிட்டு இருபத்தொரு நாள் படுத்திருக்கணும்னு."

"மூணாவது பக்கத்த யாரு படிக்கிறா? லீக் விதியில நாள் கணக்கே கிடையாது. பெட்டிதான் முடிவு."

"தலைவலியும் மயக்கமும் இருந்தாத்தான் அவ படுப்பா. அது ரெண்டோட வாயையும் நாம பொத்திட்டோம்."

கோதண்டராமன் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜெபசெல்வியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தபடி, "நான் நிறுத்தினா வேற டாக்டர் வருவான்," என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லியே இந்த நாட்டில் எத்தனை நல்ல மனிதர்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் அதைத்தானே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் நாசரேத்காரி. ஓர் அரசு மருத்துவமனையின் உணவுப் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்தவள். இருசக்கர வண்டியில் விழுந்து தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்காகத்தான் இந்தப் பானத்தை உருவாக்கினாள். குடித்தவர்களும் அசையாமல் படுத்திருந்தவர்கள்தான். அவர்களுக்குப் பேச்சும் நினைவும் மற்றவர்களை விடப் பத்து நாள் முன்னதாகத் திரும்பின. பெண்கள் கபடி லீக் அதைக் கேள்விப்பட்டது. வந்து கூப்பிட்டார்கள். சொந்தச் சமையற்கூடம், சொந்தப் பரிசோதனைக்கூடம், கதவில் அவள் பெயர். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. சந்தோஷமாகத்தான் வந்தாள்.

முதல் வருடம் அடிபட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம், 'முன்னெச்சரிக்கை' என்று எல்லா அணிகளிலும் பதினான்கு பேருக்கும் தினமும் காலையில் ஒரு தம்ளர் என்றானது. அதற்குப் பிறகு அடிபட்டதாக யாரும் வந்து சொல்வதே இல்லை. லீக்கின் ஆண்டறிக்கையில், தலைக்காயங்கள் எழுபது சதவீதம் குறைந்துவிட்டன என்று வண்ணப் படத்தோடு போட்டார்கள்.

இசக்கியின் அம்மா சொர்ணத்தாய் விளாத்திகுளத்திலிருந்து வந்தது அடுத்த வாரம். மகள் பயிற்சியில் இருந்தாள். அம்மா நேராகச் சமையற்கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தாயி, நீங்கதான பிள்ளைகளுக்குச் சாப்பாடு பாக்கிறது?"

ஜெபசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எனக்கு அந்தத் தெளிவுப் பொடி கொஞ்சம் வேணும். வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"எதுக்கும்மா?"

"போன மாசம் அவ அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் வந்திருந்தா. வந்த மூணு நாள் நல்லாத்தான் இருந்தா. நாலாம் நாளு வெளிச்சம் ஆகலன்னு துப்பட்டாவக் கண்ணுல கட்டிக்கிட்டுப் படுத்துக்கிட்டா. மேளம் அடிச்சா வாந்தி எடுக்கா. பஸ் ஸ்டாண்டுலருந்து வீட்டுக்கு வழி தெரியாம வெயில்ல நின்னிருக்கா. பொறந்து வளந்த ஊரு தாயி. அக்காள மணவறையில பாத்துட்டு, யாருக்கு இன்னைக்குக் கல்யாணம்னு என்கிட்ட கேட்டா." சொர்ணத்தாய் முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இங்க வந்த மறுநாளே போன்ல நல்லாப் பேசுதா. அப்ப மருந்து இங்கதான இருக்கு. ஒரு டப்பா குடுத்தீங்கன்னா, அடுத்த தடவ வாரப்ப நானே கலக்கிக் குடுத்திருவேன்."

மருந்து. அவர் மருந்து என்றுதான் சொன்னார். மகளின் நோயை மூடி மறைக்கிற பொருளைத் தாயே வந்து கையேந்திக் கேட்கிறார், கொடுத்தவள் முன்னால், நன்றியோடு.

டப்பா கொடுக்கவில்லை. பொய் சொல்லி அனுப்பினாள்: ஸ்டாக் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம். பிறகு நேரே மேலாளர் சம்பத்தின் அறைக்குப் போய், இசக்கியை உடனே நிறுத்த வேண்டும் என்றாள். மூன்று நாள் தெளிவு கொடுக்காமல் அவளைச் சோதித்துப் பாருங்கள், போதும் என்றாள்.

சம்பத் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மேடம், இன்னும் எட்டு நாள்ல பைனல். நீங்க கிச்சனப் பாருங்க. தலைய டாக்டர் பாத்துக்குவார்."

"டாக்டர் பெட்டியப் பாக்கிறார். பெட்டி தம்ளரப் பாக்குது. தலைய யாருமே பாக்கல."

"எழுதிக் குடுங்க. சீசன் முடிஞ்சதும் கமிட்டில வைக்கலாம்."

கடைசியில் இசக்கியிடமே சொன்னாள். பயிற்சி முடிந்து படியில் உட்கார்ந்து காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள் அவள். அம்மா சொன்னதையெல்லாம் ஜெபசெல்வி சொன்னாள். இசக்கி நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துல நடந்தது எனக்கு ஞாபகமே இல்லக்கா," என்றாள். "போட்டோவப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். நான் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."

"இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"பைனல் பாக்க ரயில்வேக்காரங்க வாராங்க. எடுத்துக்கிட்டாங்கன்னா வேலை. எங்க வீட்டுல யாரும் மாசச் சம்பளம் வாங்கினதில்ல. அதுவரைக்கும் தாங்கும்."

"தாங்காது இசக்கி."

"என் தலைக்கா," என்றாள் இசக்கி. குரலில் கடுமை இல்லை. "எனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய இடம்தான் அடிபட்டிருக்கிறது என்று சொல்ல ஜெபசெல்விக்கு வாய் வரை வந்தது. எழுந்து போனாள்.

பைனலுக்கு இரண்டு நாள் முன்பு பதினான்கு பேரும் பெட்டிக்குள் உட்கார்ந்தாக வேண்டும். அது விதி. தெளிவின் வேலை உடம்பில் மூன்று நாள் நிற்கும். ஐந்து நாள் முன்பிருந்தே நிறுத்திவிட்டால் பெட்டி உண்மையைச் சொல்லும். இசக்கிக்குச் சிவப்பு எரியும். யாரும் அவளைக் களத்தில் இறக்க முடியாது. இசக்கியின் தம்ளரை மட்டும் தனியாகக் கலக்க வழியில்லை. எல்லோருக்கும் ஒரே அண்டா, எல்லோர் கண் முன்னாலும் ஊற்றுவார்கள். ஆகவே அண்டாவிலேயே பொடியை நிறுத்தினாள். கேழ்வரகு, பால், வெல்லம், ஏலக்காய். கசப்பு குறையக் கூடாது என்று வறுத்த வெந்தயம். மற்ற பதின்மூன்று பேரும் அடிபடாதவர்கள், அவர்களுக்கு ஐந்து நாள் வெறும் கூழ் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள்.

யாரிடமும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பயிற்சியில் இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டியருகே சண்டை போட்டார்கள். நான்காம் நாள் நான்கு பேர் சாப்பிட வரவில்லை. வெயில் என்றார் பயிற்சியாளர்.

சோதனை நாளன்று முதலில் உள்ளே போனவள் கேப்டன் வேதவல்லி. பதினோரு வருட ஆட்டத்தில் ஒருமுறை கூட அடிபட்டதாகச் சொல்லாதவள். பெட்டி ஐந்து சொற்களைச் சொன்னது: ஆலமரம், சாவி, மஞ்சள், பாலம், தட்டு. வேதவல்லி, "சாவி," என்றாள். பிறகு ரொம்ப நேரம் யோசித்து, மறுபடியும் "சாவி," என்றாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது பக்கவாட்டில் சரிந்து, கண்ணாடியில் தோள் இடித்தது.

சிவப்பு.

டாக்டர் இயந்திரக் கோளாறு என்று நினைத்து மறுபடி இயக்கினார். மறுபடியும் சிவப்பு. அடுத்தவள் சிவப்பு. அதற்கடுத்தவளுக்குப் பச்சை. பிறகு வரிசையாக மூன்று சிவப்பு. இசக்கி ஏழாவதாகப் போனாள். புள்ளி நகரத் தொடங்கியதுமே குனிந்து வாந்தி எடுத்தாள். முடிந்தபோது பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குச் சிவப்பு. வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், சிலர் கைகளால் கண்ணை மறைத்துக்கொண்டு, எல்லோரும் இருபத்தைந்து வயதை ஒட்டிய பெண்கள்.

ஒருத்தியைத் தடுக்க நினைத்தவள் அந்த ஒன்பது பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபது சதவீதம் குறைந்த காயங்கள் எங்கே போயிருந்தன என்று இப்போது தெரிந்தது. ஒவ்வொரு காலையும் அவள் கையாலேயே தம்ளர் தம்ளராக ஊற்றி மூடியிருந்தாள்.

டாக்டர் அவளருகே வந்தார். "என்ன கலந்தீங்க செல்வி?"

"எதுவும் கலக்கல டாக்டர்," என்றாள். "அஞ்சு நாளா எதுவுமே கலக்கல."

அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அணி பைனலிலிருந்து விலகியது. அன்று மாலைக்குள் செய்தி வந்துவிட்டது: உணவில் நஞ்சு, ஒன்பது வீராங்கனைகள் பாதிப்பு, ஊட்டச்சத்து நிபுணரிடம் விசாரணை. பைனல் நடந்து முடிந்த மறுநாள் ஜெபசெல்வி தன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது இசக்கி சமையற்கூடத்துக்கு வந்தாள். தலையில் ஈரத் துண்டு போட்டுக் கண்ணை மறைத்திருந்தாள். கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ரயில்வேக்காரங்க வேற பிள்ளைய எடுத்துக்கிட்டாங்க," என்றாள்.

"இசக்கி, நான்..."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அதையே சொல்லாதீங்க. அவங்களும் அதத்தான் சொல்லுதாங்க." ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுப்பது போலப் பேசினாள். "அவங்க குடுக்கும்போதும் என்கிட்ட கேக்கல. நீங்க நிறுத்தும்போதும் என்கிட்ட கேக்கல. நான் வேண்டாம்னு சொன்னேன்லா? படியில உக்காந்து சொன்னேன்லா? அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு ஒரு பதிலை ஜெபசெல்வி தேடியதில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

விசாரணை நாற்பது நாள் கழித்துச் சென்னையில் நடந்தது. லீக் அமைத்த மூவர் குழு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வெள்ளை மீசை, சாந்தமான குரல். லீக்கின் வழக்கறிஞர் ஆய்வக அறிக்கையை வாசித்தார்: கேழ்வரகு, பால், வெல்லம், ஏலக்காய், வெந்தயம். வேறு பொருள் எதுவும் காணப்படவில்லை.

"ஆக, நீங்கள் கொடுத்தது வெறும் உணவு," என்றார் வழக்கறிஞர்.

"ஆமாம்."

"வெறும் உணவைக் கொடுத்து ஒன்பது வீராங்கனைகளைத் தகுதியிழக்கச் செய்திருக்கிறீர்கள்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சுருக்கெழுத்தாளர் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். "அந்தத் தகுதி அவங்களுக்கு எப்ப போச்சுன்னு கேளுங்க," என்றாள் ஜெபசெல்வி. "என் கூழ்லயா போச்சு? ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துலயும் போச்சு. உங்க பெட்டிக்கு அது தெரியாமப் பாத்துக்கிட்டது நான். அதுக்குத் தண்டன குடுங்க, வாங்கிக்கிறேன்."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்," என்றார் தலைவர், மென்மையாக.

அடுத்து லீக் தரப்புச் சாட்சியாக இசக்கியை அழைத்தார்கள். சொர்ணத்தாய் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார். இசக்கி நாற்பது நாளும் விளாத்திகுளத்தில் ஜன்னல் அடைத்த அறையில்தான் கிடந்திருந்தாள். இதற்குள் சற்றுத் தேறியிருக்க வேண்டும். ஆனால் அடிகள் ஒன்றிரண்டு அல்ல. எத்தனை என்று அவளுக்கே தெரியாது. வழக்கறிஞர் தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார். ஜெபசெல்வி தன் வேலையைக் கெடுத்தாள், தன் வாழ்க்கையைக் கெடுத்தாள் என்று அதில் இருந்தது. அதில் பொய் என்று சொல்ல அதிகம் இல்லை.

இசக்கி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாசிம்மா," என்றார் தலைவர்.

"ரெண்டாவது வரிக்கு வந்தா மொத வரி போயிருது," என்றாள் இசக்கி.

தலைவருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு லீக்கின் ஆளைப் பார்த்து, "பாவம், கஷ்டப்படுறா. ஒரு தம்ளர் குடுங்களேன். நாம மூணு மணிக்கு மேல கேட்டுக்கலாம்," என்றார்.

தம்ளர் வந்தது. பழுப்பு நிறம், ஏலக்காய் வாசனை. இசக்கியின் முன்னால் வைத்தார்கள். சொர்ணத்தாய் ஆசையோடு அதை மகள் பக்கம் நகர்த்தினார். ஜெபசெல்வி வாயைத் திறக்கவில்லை. அந்த ஒருமுறையாவது திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இசக்கி தம்ளரைக் கையில் எடுத்தாள். அதைக் குடித்தால் நாலு மணி நேரத்தில் தாளை முழுதாக வாசிப்பாள், சிரிப்பாள், அக்காளின் பெயரைச் சொல்வாள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, மேசையின் அந்தக் கோடிக்கு, தலைவரின் பக்கமாக, மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"இதக் குடிச்சிட்டுப் பேசினா அது நான் பேசுறதில்ல," என்றாள். "இப்ப நான் எப்படி இருக்கேனோ, அப்படியே எழுதிக்கோங்க."

சுருக்கெழுத்தாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல், வழக்கமான கேள்விகளிலிருந்து தொடங்கினார்.

ஜெபசெல்விக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அவள் மேல்முறையீடு செய்யவில்லை. தெளிவைத் தடை செய்யவில்லை. சோதனைக்கு முந்தைய ஐந்து நாளும் வீராங்கனைகள் அதைக் கட்டாயம் அருந்த வேண்டும் என்று லீக் விதியைத் திருத்தியது. கோதண்டராமன் லீக்கின் தலைமை மருத்துவராகப் பதவி உயர்ந்தார். ஒன்பது பேரில் வேதவல்லியும் இசக்கியும் மறுபடி ஆடவில்லை.

ஆனால் விசாரணைப் பதிவின் ஒரு பக்கம் எப்படியோ வெளியே வந்தது. மற்ற அணிகளின் பெண்கள் அதைப் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த சீசன் தொடங்கிய அன்று, ஏழு அணிகளில் முப்பத்தொரு பேர் பெட்டிக்குள் உட்கார மறுத்தார்கள். பத்து நாள் தெளிவு குடிக்காமல் சோதித்தால் வருகிறோம் என்றார்கள். லீக் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆட்டங்கள் இன்னும் தொடங்கவில்லை. ஏன் என்று கேட்கிற நிருபர்களிடம் அந்தப் பெண்கள் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். அதில் நான்கே வரிகள்:

கேள்வி: உங்கள் பெயர்?

பதில்: இசக்கியம்மாள்.

கேள்வி: நீங்கள் எந்த அணிக்காக ஆடினீர்கள்?

(சாட்சி நாற்பது விநாடி பேசவில்லை. பிறகு தன் தாயைப் பார்த்தார்.)